உமக்கென்ன தொடர்பு?

"உமக்கென்ன தொடர்பு?" - இந்தக் கேள்வி எழாத நாடில்லை; எழாத காலமுமில்லை. அடிபட்டவன் அலறினால் "அழாதே" என்று அதட்டுவர். அது பழைய முறை. ஆனால் அடிபடாதவன் ஒருவன் எழுந்து, "அவனை ஏன் அடித்தாய்?" என்று கேட்டுவிட்டால், ஆதிக்கக்காரர் முகத்தில் ஒரு மருட்சி தோன்றுகிறது. அந்த மருட்சியிலே பிறக்கும் கேள்விதான் இது. உன் கூலியா குறைந்தது? உன் வேலையா போயிற்று? அவள் உன் நிறமா, உன் இனமா, உன் ஊரா? உனக்கென்ன வந்தது? உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயேன்!

இக்கேள்விக்கு விடையளித்த அஞ்சல் ஊழியர் சிலரைப் பற்றியும், அவர்களை அவ்வாறு விடையளிக்க வைத்த, சேலை கட்டிய பெண்கள் சிலரைப் பற்றியும் எழுத விழைகிறோம். களம், இலண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியாகிய வில்லஸ்டன். காலம், 1976 முதல் 1978 வரை.

வரலாறு கற்பிக்கும் நமக்கு, பாடத்துக்காகப் படங்கள் தேடும் பழக்கம் உண்டு. அவ்வாறு தேடியபோது கண்ணில் பட்டது ஒரு நிழற்படம். உயரமான தொப்பியணிந்த காவலர் வரிசை. அவர்களுக்கு எதிரே, ஐந்தடி உயரமும் இல்லாத ஒரு பெண்மணி. சேலை, அதன்மேல் குளிருக்கான மேலங்கி, கையிலே பை. கெஞ்சும் முகமல்ல அது, கேட்கும் முகம்! யார் இவர் என்று தேடினோம். ஜெயாபென் தேசாய் என்று அறிந்தோம். 1933இல் குசராத்தில் பிறந்து, மணமாகி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்கிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2010 டிசம்பரில் மறைந்தார்.

அத்தொழிற்சாலையின் பெயர் கிரன்விக். படச்சுருளைக் கழுவிப் படமாக்கித் தரும் பணிமனை. விடுமுறைக்குக் கடற்கரை சென்றவர்கள், எடுத்த படச்சுருளை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புவர். கழுவிய படங்கள் அஞ்சலிலேயே திரும்பிச் செல்லும். வந்தவையும் அஞ்சல் வழி. போனவையும் அஞ்சல் வழி. இந்தச் சிறு செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

உள்ளே வேலை செய்தோரில் பெரும்பாலோர், கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய இந்திய வழியினர். அவர்களிலும் பெண்களே மிகுதி. உகாண்டாவிலிருந்து 1972இல் இடி அமீனால் துரத்தப்பட்டுக் கைப்பெட்டியோடு வந்திறங்கியவர்களும் அவர்களிடையே இருந்தனர். வேறு வேலை கிடைக்காது, கிடைத்த வேலையை விடமாட்டார்கள், அடக்கமான பெண்கள், எதிர்த்துப் பேசும் பழக்கமற்றவர்கள் - இதுதான் அவர்களைப் பற்றிய கணிப்பு! வாரத்துக்கு 40 மணி நேர உழைப்பு. கூலியோ 28 பவுன் அளவில். அந்நாளில் நாட்டின் சராசரி வாரக் கூலி 70 பவுனுக்கு மேல். கழிப்பறைக்குச் செல்லவும் கேட்டுச் செல்ல வேண்டும். வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில், "இன்று கூடுதல் நேரம் வேலை" என்று கூறினால், மறுக்கக்கூடாது.

1976 ஆகஸ்டு 20ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இளைஞர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரோடு சிலர் வெளியேறினர். அன்று மாலை, புறப்படத் தயாரான ஜெயாபென்னிடம் கூடுதல் நேர வேலை சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். மேலாளர் கடிந்துரைத்தபோது, அந்தச் சிறிய உருவம் பெரிய சொல் ஒன்றைச் சொல்லியது. நீர் நடத்துவது தொழிற்சாலையல்ல, விலங்குக் காட்சிச்சாலை. அங்கே உம் விரலசைவுக்கு ஆடும் குரங்குகளும் உண்டு, தலையைக் கடித்தெடுக்கும் சிங்கங்களும் உண்டு. நாங்கள் அந்தச் சிங்கங்கள் - என்ற கருத்துப்படப் பேசிவிட்டு, அங்கேயே பணிபுரிந்த தம் மகனோடு வெளியேறினார்.

அதுவரை அவர்களுக்குச் சங்கமில்லை. சங்கம் என்றால் எங்கே இருக்கும், எப்படிச் சேர்வது என்பதும் தெரியாது. கேட்டறிந்து, அலுவலக ஊழியர் சங்கமாகிய அபெக்ஸில் சேர்ந்தனர். வேலைநிறுத்தத்தில் இறங்கிய 137 பேரையும் நிருவாகம் ஒரே வீச்சில் நீக்கியது. சங்கத்தை ஏற்கமாட்டோம், நீக்கியவரைச் சேர்க்கமாட்டோம் என்று அறிவித்தது.

மறியல் தொடங்கியது. மழை, பனி, குளிர் - எல்லாவற்றிலும் வாயிலில் நின்றனர். நிருவாகத் தரப்பு எள்ளி நகையாடியதாம். சேலை கட்டிக்கொண்டு வெல்ல முடியாது என்றதாம். சேலை கட்டிய இந்திரா காந்தி ஒரு பெரிய நாட்டையே ஆள்கிறாரே என்று திருப்பிக் கேட்டதாக ஜெயாபென் பின்னர் கூறியதுண்டு. பெண்ணின் உடையையும் நாணத்தையும் அடிமைச்சங்கிலியாக்கப் பார்ப்போர், இலண்டனிலும் உண்டு, இங்கும் உண்டு. நாணம் வீதியில் நிற்பதிலா இருக்கிறது? உழைப்பவளின் கூலியைக் குறைப்பவனுக்கல்லவா நாணம் வேண்டும்!

இங்கே ஓர் உண்மையை மறைக்காது கூறியாக வேண்டும். தொழிலாளர் ஒற்றுமை என்று ஏட்டில் எழுதுவது எளிது. அது பிரிட்டனில் அதற்குமுன் பலமுறை பொய்த்துப் போயிருந்தது. 1968 ஏப்ரலில், குடியேறியோரை எதிர்த்து ஈனோக் பவல் நஞ்சு கக்கியபோது, இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவரை ஆதரித்து நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் போயினர். ஆம், தொழிலாளர்களேதாம்! 1974இல் லெஸ்டர் நகரில், இம்பீரியல் தட்டச்சுப்பொறித் தொழிற்சாலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சந்தா வாங்கிய சங்கமே அவர்களுக்குத் துணை நிற்க மறுத்தது. சந்தாவுக்கு நிறமில்லை, உரிமைக்கு மட்டும் நிறமுண்டு என்ற நிலை! சாதி பார்த்துத் தண்ணீர் ஊற்றும் நாட்டிலிருந்து படிக்கும் நமக்கு, இது புரியாத செய்தியன்று.

அந்த மண்ணிலேதான் கிரிக்கிள்வுட் அஞ்சல் நிலைய ஊழியர்கள் எழுந்தனர். அஞ்சல்தான் கிரன்விக்கின் மூச்சுக்குழல் என்றோமல்லவா? 1976 நவம்பரில், "இப்பெண்களை வேலையிலிருந்து விரட்டிய நிறுவனத்தின் கடிதமூட்டைகளைத் தொடமாட்டோம்" என்றனர். வாரக்கணக்கில் கேட்டும் கிடைக்காத செவி, சில நாட்களில் கிடைத்தது! நடுவர் அமைப்பாகிய ஏகாசுடன் ஒத்துழைப்பதாக நிறுவனம் வாக்களித்தது. அஞ்சல் ஊழியர் தடையை விலக்கினர். விலக்கிய பிறகு நடந்தது என்ன? தொழிற்சாலையின் உள்ளே வேலை செய்வோரின் பெயர்களையும் முகவரிகளையும் கேட்டது நடுவர் அமைப்பு. தர மறுத்தது நிறுவனம். கிடைத்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டு, சங்கத்தை ஏற்க வேண்டும் என்று 1977 மார்ச்சில் பரிந்துரைத்தது ஏகாஸ். நிறுவனம் வழக்கு மன்றம் ஏறியது. உள்ளே இருப்போரின் கருத்தைக் கேட்கவில்லை, ஆகவே பரிந்துரை செல்லாது என்று, 1977 டிசம்பரில், நாட்டின் உச்ச மன்றமான பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது! பெயர்ப்பட்டியலைப் பூட்டி வைத்தவனே, பட்டியல் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டினான், குற்றச்சாட்டு வென்றது. சட்டம் குருடு என்பர். அன்று அது ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தது.

இதனிடையே, 1977 சூன் திங்களில் மக்கள் திரண்டனர். முன்னரே, மே திங்களில், அபெக்ஸ் சங்கத்தைச் சார்ந்த அமைச்சர் மூவர் மறியல் வரிசையில் வந்து நின்றதுண்டு. இப்போது ஆயிரக்கணக்கில் வந்தனர் தொழிலாளர். யார்க்ஷயரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத் தோழர்கள், ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் பேருந்துகளில் வந்திறங்கினர். கரியோடு வாழ்ந்த வெள்ளையருக்கும், படச்சுருள் கழுவிய குசராத்திப் பெண்களுக்கும் என்ன உறவு? மொழி வேறு, நிறம் வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. உழைப்பு ஒன்று, அவ்வளவே! சூலை 11ஆம் நாள் கூடிய பெருங்கூட்டத்தில், 1968இல் பவலுக்காக நடந்த அதே துறைமுகத்தின் தொழிலாளர் கொடியும் வந்தது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு கொடி இந்த இடத்துக்கு நடந்து வந்ததென்றால், மனிதன் மாறமாட்டான் என்று மந்திரம் ஓதுவோர் அதற்கென்ன விளக்கம் கூறுவர்?

அஞ்சல் ஊழியர்களும் மீண்டும் மூட்டைகளைத் தொட மறுத்தனர். கடிதத்தைத் தடுப்பது குற்றம் என்றது சட்டம்; தங்கள் சங்கத்தின் மேலிடமும் வேண்டாமென்றது; அஞ்சல் துறை அவர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. சம்பளம் போயிற்று. தமக்கென ஒரு பென்னி கூடக் கேளாத போராட்டத்தில், தம் குடும்பத்தின் உணவைப் பணயம் வைத்தனர் அவர்கள். அந்நேரத்தில், நிறுவனத்துக்குத் துணையாக வலதுசாரி அமைப்பொன்று வந்தது. இரவோடு இரவாக மூட்டைகளை வண்டிகளில் ஏற்றி, நாடெங்கும் உள்ள அஞ்சல் பெட்டிகளில் கொண்டுபோய்ப் போட்டது. பாருங்கள் நண்பர்களே! முதலாளிக்காக முன்பின் அறியாதவர் வண்டியோட்டினால், அது விடுதலைத் தொண்டு. தொழிலாளிக்காகத் தொழிலாளி கையை மடக்கினால், அது சட்டமீறல்! "உமக்கென்ன தொடர்பு?" என்ற கேள்வி ஒரு பக்கத்தை நோக்கி மட்டுமே கேட்கப்படுகிறது.

அரசு அமைத்த விசாரணைக் குழுவின் தலைவர், நீதிபதி ஸ்கார்மன், 1977 ஆகஸ்டில் அறிக்கை தந்தார். நிறுவனம் சட்டத்தின் எழுத்துக்குள் நடந்தது, அதன் உணர்வுக்கு வெளியே நடந்தது என்றார். நீக்கியவரை மீண்டும் சேர்க்கப் பரிந்துரைத்தார். உரிமையாளர் மறுத்தார். மறுக்கும் உரிமையும் சட்டத்தில் இருந்தது.

பெரிய சங்கங்களின் ஆர்வமும் தணிந்தது. அபெக்ஸும், தொழிற்சங்கப் பேரவையும் பின்வாங்கின. 1977 நவம்பரில், பேரவையின் தலைமையகத்துக்கு எதிரிலேயே ஜெயாபென்னும் தோழர் சிலரும் உண்ணாநோன்பிருந்தனர். அதற்காக அவர்களது சங்கமே அவர்களை இடைநீக்கம் செய்தது! பேரவையின் ஆதரவு முழங்கையில் தடவிய தேன் போன்றது. மணக்கும், கண்ணுக்குத் தெரியும், நாவுக்கு எட்டாது என்பது ஜெயாபென் சொன்ன உவமை. நமது தாய்மார் வாயிலிருந்து வருவது போன்ற உவமையன்றோ!

1978 சூலை 14ஆம் நாள் போராட்டம் முடிந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். 500க்கு மேற்பட்டோர் கைது. வேலை ஒருவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. சங்கம் ஏற்கப்படவில்லை.

இக்கதையை ஆசிரியர் அறையிலே கூறியபோது, வயதில் மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "தம்பி, முடிவில் தோற்றார்கள்தானே? தோற்ற கதையைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?" என்றார். அன்புடையவர், பகடியாகக் கேட்கவில்லை. ஆகவே விடையும் அன்போடு தரப்பட வேண்டும்.

நமது முன்னோர் வென்ற வேந்தனுக்கு மெய்க்கீர்த்தி பாடியதோடு நின்றுவிடவில்லை. ஊர் ஆநிரை மீட்கச் சென்று, அம்பேற்று மாண்ட எளிய மறவனுக்கு நடுகல்லும் நாட்டினர். வென்றவனை மட்டும் நினைக்கும் ஊரில், அடுத்த முறை ஆநிரை கவரப்படும்போது எழுந்து செல்ல எவனும் இருக்கமாட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இது முதல் விடை.

இரண்டாவது விடை, பிரிட்டன் வரலாற்றிலேயே உள்ளது. ஆசியப் பெண்களுக்குப் போராடத் தெரியாது என்ற கட்டுக்கதை 1976க்குப் பின் எடுபடவில்லை. 2005 ஆகஸ்டில், ஹீத்ரோ விமான நிலையத்தில் உணவு தயாரித்த கேட் கூர்மே நிறுவனம், பெரும்பாலும் பஞ்சாபிப் பெண்களாகிய தொழிலாளர் நூற்றுக்கணக்கானோரை நீக்கியது. அந்த உணவை ஏற்றிச் செல்லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தரைப்பணியாளர்கள், சட்டம் தடுத்தும், தங்கள் வேலையை விட்டு வெளிவந்தனர். வானூர்திகள் தரையில் நின்றன. பிறர் துன்பம் கண்டு நின்ற வானூர்திகள்!

மூன்றாவது விடை, ஆள்வோர் கொண்ட அச்சம். 1979இல் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். 1980இலேயே, தன் பணியிடம் தவிர வேறிடத்தில் மறியல் செய்வது சட்டப் பாதுகாப்பை இழந்தது. படிப்படியாக இறுக்கி, 1990ஆம் ஆண்டின் சட்டத்தால், பிற நிறுவனத் தொழிலாளருக்கு ஆதரவாகச் செய்யும் வேலைநிறுத்தம் முழுவதுமே பாதுகாப்பை இழந்தது. கிரிக்கிள்வுட் தோழர் செய்தது போன்ற செயலுக்கு இடமே இல்லாமற் செய்யப்பட்டது. தோற்றுப்போன ஆயுதத்துக்கு யாரேனும் தடை விதிப்பாரா? கூர்மையுள்ளதைத்தானே பிடுங்குவர்!

அதே நேரத்தில், இப்போராட்டத்தைப் புகழ்வதோடு நின்றுவிடாமல் எச்சரித்த ஒரு தமிழரையும் குறிப்பிடக் கடமைப்பட்டுள்ளோம். இலங்கையிலிருந்து 1958இல் இலண்டன் சென்ற அ. சிவானந்தன், 'ரேஸ் அண்ட் கிளாஸ்' என்ற ஏட்டின் ஆசிரியர்; 2018இல் மறைந்தார். நிறவெறிக்கு எதிரான எழுச்சியைச் சங்க அங்கீகாரம் என்ற ஒற்றைக் கோரிக்கைக்குள் பெரிய சங்கங்கள் அடக்கிவிட்டன என்பது அவர் திறனாய்வு. கைகொடுப்போரின் கை, நம் கழுத்தைத் திருப்பும் கையாகவும் மாறக்கூடும் என்ற அந்தப் பாடத்தையும் மறக்கலாகாது.

பிரிட்டனின் சட்டவரலாறு நமக்கு அயலான செய்தியுமன்று. வேல்சு நாட்டு டாஃப் வேல் இரயில் வழக்கில், வேலைநிறுத்தத்தால் நேர்ந்த இழப்பைச் சங்கம் ஈடுசெய்ய வேண்டும் என்று 1901இல் தீர்ப்பாயிற்று. தொழிலாளர் கொதித்தெழுந்து, 1906இல் பாதுகாப்புச் சட்டம் பெற்றனர். ஆனால் சென்னையில், வெள்ளையருக்குச் சொந்தமான பின்னி ஆலைகளில், 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சங்கத் தலைவர் வாடியா முதலியோர்மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. தன் நாட்டில் தொழிலாளிக்குத் தந்த உரிமையை, ஆளப்பட்ட நாட்டில் தரவில்லை வெள்ளையர் ஆட்சி! அந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது. சென்னைத் தொழிலாளியும் அன்று தோற்றவன்தான்; அவன் தோல்வியிலிருந்து பிறந்த சட்டத்தின்கீழேதான் இந்நாட்டுச் சங்கங்கள் பதிவு பெற்று வந்தன.

நமது வாழ்விலும் இக்கேள்வி அண்மையில் வந்து நின்றது. நாம் பணியாற்றும் தனியார் பள்ளியில், துப்புரவுப் பணி செய்யும் பெண்கள் நால்வர் ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்டவர்கள். தைத் திங்கள் கூலி இருபது நாள் தாண்டியும் வரவில்லை. ஒருநாள் காலை அவர்கள் துடைப்பத்தை எடுக்காமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டனர். கூலி தரக்கோரி ஆசிரியர் சார்பில் விண்ணப்பம் எழுதினோம். இருபத்தாறு பேரில் ஏழு பேர் கையொப்பமிட்டனர். மறுவாரம் கூலி வந்தது. எழுவரையும் தாளாளர் தனித்தனியே அழைத்தார். கடுஞ்சொல் ஏதுமில்லை. "அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். உமக்கென்ன தொடர்பு?" என்று மட்டும் கேட்டார். "அவர்கள் துடைத்த அறையில் நின்றுதான் பாடம் நடத்துகிறோம், ஐயா" என்றோம். சூன் திங்களில் நமது பணி ஆணை புதுப்பிக்கப்படுமா என்பது இன்னும் தெரியவில்லை. எழுவரில் கணிதம் கற்பிக்கும் அம்மையார் ஒருவருக்கு இரண்டு குழந்தைகள். அவர் கையொப்பத்தின் விலை நம்முடையதைவிடப் பெரிது.

பிரிட்டனிலோ, 1979இல் ஒருகோடியே முப்பது இலட்சமாக இருந்த சங்க உறுப்பினர் தொகை, 2024இல் ஏறத்தாழ 64 இலட்சமாகச் சுருங்கிற்று. ஆனால் நெருப்பு அணையவில்லை. 2022 டிசம்பரில், செவிலியர் கல்லூரி என்னும் சங்கம் தன் நூற்றாண்டு கடந்த வரலாற்றிலேயே மிகப்பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியது. 2023 பிப்ரவரியில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆசிரியர்கள் வீதிக்கு வந்தனர். அஞ்சிய அரசு, வேலைநிறுத்த நாளிலும் குறைந்த அளவு பணி நடந்தாக வேண்டும் என்று 2023இல் சட்டமியற்றியது. 2025ஆம் ஆண்டின் வேலையுரிமைச் சட்டம் அதனை நீக்கியது. கவென்ட்ரி நகரின் அமேசான் கிடங்கில், சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டி 2024இல் நடந்த வாக்கெடுப்பில், நூற்றுக்கு 49.5 பேர் ஆதரவாக வாக்களித்தனர், மயிரிழையில் தோல்வி! ஆனால் பிறருக்காகக் கைகோக்கும் வேலைநிறுத்தத்தின்மீது 1990இல் போட்ட பூட்டு, 2025இன் சட்டத்திலும் திறக்கப்படவில்லை. கூலி கேட்கலாம், விடுப்புக் கேட்கலாம்; அடுத்தவனுக்காகக் கேட்க மட்டும் கூடாது!

இளைஞர்களே! தலைவிதி என்று ஒன்று இருந்து, அதன்படியே கூலியும் குலமும் அமைந்திருக்குமானால், யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளி வில்லஸ்டனுக்கு வந்திருக்கமாட்டான். அஞ்சல் ஊழியன் தன் கூலியை இழந்திருக்கமாட்டான். எந்தக் கடவுளும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. எந்தச் சொர்க்கமும் கூலியாகக் காத்திருக்கவில்லை. அறிவு சொல்லிற்று, நெஞ்சு ஒப்பிற்று, கால் நடந்தது. ஒருவர் துன்பத்தை மற்றவர் துன்பத்தோடு சேர்த்து எண்ணத் தெரிந்தவருக்குத்தான் அது வாய்க்கும். நமது ஊரிலும் சாதிக்கொரு தெருவும், தெருவுக்கொரு கிணறும் வெட்டி வைத்தவர்கள், மனிதர் இந்தக் கணக்கைக் கற்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெட்டினார்கள்.

"உமக்கென்ன தொடர்பு?" என்று இனிக் கேட்போருக்கு நீண்ட உரை தேவையில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்பட்டதே, தொடர்பு இருக்கிறது என்பதற்குச் சான்று.